உப்புநீர் மீன்தொட்டி குடிபோகிறதா? கல்லும் மணலும் காயக் கூடாது!

ஆடி கழிந்து ஆவணி பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் புதுவீட்டில் பால் காய்ச்சுவார்கள். மாடு கன்று நடந்தே போய்விடும். நெல் மூட்டையும் பீரோவும் டிராக்டரில் ஏறும். எல்லாம் போன பிறகு பழைய வீட்டுக் கூடத்தில் கடைசியாக நிற்பது கண்ணாடித் தொட்டி. அதில் இருப்பது பொன்மீனோ கப்பியோ என்றால் பெரிய கவலை இல்லை. கடல்மீன் என்றால் கதை வேறு. மூன்று ஆண்டுகள் குறையில்லாமல் ஓடிய தொட்டியைப் பிரித்து, கல்லையும் மணலையும் குழாயடியில் பளிச்சென்று கழுவி, புதுவீட்டில் புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விடுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக நீந்தும். மூன்றாம் நாள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரு வாரத்துக்குள் தொட்டி காலி. தண்ணீர் சேரவில்லை என்பார்கள், கண்பட்டுவிட்டது என்பார்கள். உண்மையில் மீனைக் கொன்றது அந்தக் கழுவல்தான்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் திருநாவலூர் போன்ற உள்நாட்டு ஊரில் கடல்மீன் தொட்டியா என்று கேட்கலாம். ஊரை ஒட்டி ஓடும் கெடிலம் கடலில் சேரும் இடம் கடலூர். கடல் அவ்வளவு தூரம். ஆனால் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கிய மீன் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். சென்னையிலோ புதுச்சேரியிலோ வேலை பார்த்த பிள்ளைகள் ஊர் திரும்பும்போது தொட்டியும் கூடவே வருகிறது. வண்ணமீன் வளர்ப்பைத் துணைத்தொழிலாகப் பார்க்கும் வீடுகளும் உண்டு. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ணமீனுக்கும் இடம் இருக்கிறது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவிகிதம் மானியம் என்பது அதன் கணக்கு.

மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியவை. குழந்தைகள் ‘நீமோ’ என்று கூப்பிடும் ஆரஞ்சு நிற மீன்தான் அது. நல்ல தொட்டியில் பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். இணை சேர்ந்து முட்டையிடத் தொடங்கிய ஜோடி என்றால் அதன் மதிப்பே தனி. இடம் மாற்றும்போது ஒன்று செத்தாலும் அந்த ஜோடி மறுபடி அமைய மாதக்கணக்காகும். (கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாக வளர்பவை. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். பெண் செத்தால் அடுத்த நிலையிலுள்ள ஆண் பெண்ணாகும். சந்தையில் ‘ஆண் ஒன்று, பெண் ஒன்று’ என்று சின்னக் குஞ்சைக் காட்டி விற்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.)

வயலில் நடப்பதுதான் தொட்டியிலும்

புன்செய் நிலத்தில் யூரியா போட்டால் அது மண்ணில் அம்மோனியாவாக உடைகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். மண்ணில் இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர். அதே கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள்தான் மீன்தொட்டியையும் காப்பாற்றுகின்றன. மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. அதைத் தின்று தீர்க்க ஆள் இல்லாவிட்டால், மீன் தன் கழிவிலேயே விஷமேறிச் சாகும். மாட்டுக் கொட்டகையைக் கழுவாமல் விட்டால் மூக்கைத் துளைக்கும் அந்த வாடைதான் அம்மோனியா.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது மிகக் கொஞ்சம். கல்லின் துளைகளிலும் மணல் பருக்கைகளிலும் ஸ்பாஞ்சிலும் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. பெருகுவதிலும் மந்தம். பாலைத் தயிராக்கும் கிருமி ஒரே இரவில் பானை முழுக்கப் பெருகிவிடும். இவை ஒரு மடங்கு பெருகவே ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். புதுத் தொட்டி ‘பழகுவதற்கு’ நான்கு முதல் ஆறு வாரம் என்று சொல்வது இதனால்தான். பழகிய தொட்டியின் கல்லைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் ஒரு பக்கம் கொல்லும். உப்பில் வாழ்ந்த கிருமி உப்பில்லாத தண்ணீரைத் தாங்காமல் மறுபக்கம் சாகும். வெயிலில் காயவைத்தால் மிச்சமும் போகும்.

நன்னீரைவிட உப்புநீரில் ஏன் இத்தனை கெடுபிடி? கடல்நீரின் பிஎச் 8.1 முதல் 8.4 வரை. பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் விஷத்தன்மையும் ஏறும். பிஎச் 7 உள்ள நன்னீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8.2 உள்ள கடல்நீரில், 28 டிகிரி வெப்பத்தில், நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு விஷமாக இருக்கும். போதாததற்கு, அதே வெப்பத்தில் உப்புநீரில் கரையும் ஆக்ஸிஜனும் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

வீட்டுத் தொட்டியில் கடல் கல்லையே வடிகட்டியாக வைக்கும் முறையைப் பரப்பியவர்களில் ஒருவர் லீ சின் எங். 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் கடல்நீர், பவளத்திட்டுக் கல், காற்றுக் குமிழி ஆகியவற்றை மட்டும் வைத்துத் தொட்டி நடத்தி எழுதினார். இன்று கடைக்காரர்கள் ‘லைவ் ராக்’ என்று சொல்வது அந்தக் கல்லைத்தான். இந்தியாவில் இதற்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடல்குதிரையும் அப்படியே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா. ‘கல் செத்துவிட்டது, ராமேஸ்வரம் பக்கம் போய் நாலு கல் எடுத்து வரலாம்’ என்று கிளம்பினால் வழக்கில்தான் முடியும். செயற்கையாக வார்த்த கல்லோ, சுட்ட மண் வளையமோ வாங்கிப் பழக்குவதே வழி. அதற்குத்தான் ஆறு வாரம். கையில் இருக்கும் பழைய கல்லைக் காப்பாற்றுவது எல்லா வகையிலும் லாபம்.

மூன்று நாள் முன்னதாகவே வேலை தொடங்குகிறது

நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரத் தொட்டியின் கொள்ளளவு சுமார் 255 லிட்டர். கல், மணல் போக ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். பழைய தண்ணீர் முழுவதையும் கொண்டுபோக வேண்டுமா என்பதுதான் பலரும் முதலில் கேட்பது. வேண்டியதில்லை. பாதி போதும். உப்பும் பிஎச்சும் மீனுக்குப் பழகியதாக இருக்க மட்டுமே பழைய தண்ணீர். மீதி 100 லிட்டரைப் புதுவீட்டில் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் மூன்றரைக் கிலோ கடல் உப்புக் கலவை ஆகும். சமையல் உப்பு உதவாது. அது வெறும் சோடியம் குளோரைடு. மீன்தொட்டிக்கான கலவையில் மக்னீசியம், கால்சியம், கார்பனேட் எல்லாம் அளவோடு சேர்ந்திருக்கும். கலந்த உடனே மீனை விடக் கூடாது. மோட்டார் போட்டு ஒரு நாள் முழுக்கச் சுழல விட்டு, ஹைட்ரோமீட்டரில் 1.023 முதல் 1.026க்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய தொட்டியில் என்ன அளவோ அதே அளவு.

கடலூர் போய்க் கடல்நீரே கொண்டுவந்தால் என்ன என்று தோன்றலாம். சென்னை மெரினாவில் 1909இல் மீன் காட்சியகம் திறந்தபோது கடல் எதிரிலேயே இருந்தது. திருநாவலூருக்கு அந்த வசதி இல்லை. ஆறு கலக்கும் முகத்துவாரத்தில் உப்பு குறைந்தும் கூடியும் இருக்கும். துறைமுகப் பக்கத்தில் டீசல் மிதக்கும். உப்புக் கலவைதான் நம்பகமானது.

கலக்கும் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருந்தால் நல்லது. ஊராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் சோடியம் தையோசல்ஃபேட் போட்டுக் குளோரினை நீக்க வேண்டும். புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். புதுச் சிமென்ட் விடும் சுண்ணாம்பு பிஎச்சை எங்கோ கொண்டுபோய்விடும்.

விவசாயி வீட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. மருந்து கலந்த வாளி, மருந்து வந்த டிரம், தெளிப்பான் கழுவிய குடம் இவற்றில் எதையும் தொட்டி வேலைக்குத் தொடக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் சரி. பயிருக்கு அடிக்கும் பைரித்ராய்டு மருந்து கொசுறளவு இருந்தாலே மீனுக்கு எமன். செப்பு அண்டாவும் கூடாது. காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூஞ்சையைக் கொல்வதுபோலவே செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும். உணவுப் பொருள் வந்த நீல டிரம் இரண்டும், மூடியுள்ள புது பிளாஸ்டிக் வாளி நான்கும் வாங்கித் தனியாக வைத்துவிடுவது நல்லது.

மீனுக்கு இரை நிறுத்துவது ஒன்றிரண்டு நாள் முன்னால். மீன்குஞ்சு வாங்கி ஏரியில் விட்டவர்களுக்கு இது புதிதல்ல. குஞ்சுப் பண்ணையிலும் பிடித்த குஞ்சைப் பட்டினி போட்டுத்தான் பையில் அடைப்பார்கள். வயிறு காலியாக இருந்தால் வழியில் கழிவு குறையும்.

புறப்படும் நாள்

விடியற்காலையில் தொடங்குவது உத்தமம். சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். மூடிய வண்டிக்குள் தண்ணீர் எவ்வளவு சூடேறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் மின்சாரம். ஹீட்டர் இருந்தால் அதை நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகே தண்ணீரைக் குறைக்க வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் காற்றில் பட்டால் வெடிக்கும். அடுத்து, குழாய் போட்டுப் பாதித் தண்ணீரை டிரம்மில் இறக்குங்கள். மேலே உள்ள தெளிந்த தண்ணீர் மட்டும். பிறகு கற்கள். ஒவ்வொன்றாக எடுத்து, அதே தண்ணீர் உள்ள வாளியில் மூழ்க வைக்க வேண்டும். வாளி போதாவிட்டால் தொட்டித் தண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றலாம். ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். சாமந்திபோல விரியும் கடல் அனிமோன் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது. கல்லோடு சேர்த்தே தூக்குவது நல்லது. அடித்தட்டு கிழிந்தால் அழுகித் தொட்டியையே கெடுக்கும்.

கல் எல்லாம் வெளியேறி, தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு வந்த பிறகுதான் மீனைப் பிடிக்க வேண்டும். கல் இருக்கும்போதே வலையை விட்டுத் துரத்தினால் மீனும் களைக்கும், ஆளும் களைப்பார். வலையைவிட அகலமான பிளாஸ்டிக் ஜாடியால் மொண்டு எடுப்பது நல்லது. சில மீன்களுக்குச் செவுள் பக்கம் முள் உண்டு, வலையில் மாட்டும்.

அதே ஊருக்குள் மாறுவதென்றால் மூடிய வாளியும், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் போதும். சென்னையிலிருந்து திருநாவலூர் வருவதென்றால் நாலைந்து மணி நேரம். அதற்கு மீன்குஞ்சு அடைப்பதுபோல மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்ஸிஜன் வைத்துப் பை கட்டி, தெர்மாகோல் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு பைக்கு ஒரு மீன்.

மணலில்தான் பலர் சறுக்குகிறார்கள். சேற்று வயலில் கால் வைத்தால் கறுப்புச் சேறு கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் வருமே, அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு தொட்டி மணலின் அடியிலும் சேர்ந்திருக்கும். மேலுள்ள ஓர் அங்குல மணலை மட்டும் தனியாக அள்ளி, ஈரத்தோடு வையுங்கள். அதில்தான் நல்ல கிருமி அதிகம். அடி மணலை உப்புநீரிலேயே நன்றாக அலசி எடுக்கலாம். நாற்றம் அதிகமென்றால் அடி மணலை விட்டுவிட்டுப் புது மணல் போடுவது மேல். மீன் உள்ள தொட்டியில் அந்தக் கறுப்பு மணலைக் கிளறினால் அன்றே முடிந்தது.

ஸ்பாஞ்சும் வடிகட்டி வளையங்களும் திறந்த வாளியில், காற்று ஓட வேண்டும். டப்பா வடிகட்டியை மூடியபடியே தூக்கிப்போய் அப்படியே மாட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து சில மணி நேரத்தில் அழுகல் தொடங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

தொட்டியை முழுவதுமாகக் காலி செய்தே தூக்க வேண்டும். ‘கொஞ்சம் மணலும் நாலு விரல் தண்ணீரும்தானே’ என்று குட்டியானையில் ஏற்றினால், வேகத்தடையில் அலை அடித்து ஓர ஒட்டு விடும். அது அன்று கசியாது. பத்தாம் நாள் நடு ராத்திரி கசியும்.

புதுவீட்டில்

தண்ணீரும் கல்லும் மணலும் கண்ணாடியும் சேர்த்துப் பார்த்தால் அந்த நான்கடித் தொட்டி 300 கிலோவுக்குக் குறையாது. 75 கிலோ நெல் மூட்டை நான்கை ஒன்றரையடி அகலத்தில் அடுக்கியதற்குச் சமம். தரைத்தளத்தில், சுவரை ஒட்டி, ரசமட்டம் பார்த்து வைக்க வேண்டும். அடியில் தெர்மாகோல் தாள் விரித்தால் தரையின் சிறு மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் குடிபோகிறவர்கள் மார்கழி இரவுக்கு ஒரு ஹீட்டரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

புதுவீடு மீனுக்கு ஆகாத இடம் என்றே சொல்லலாம். வண்ணம் அடித்த வாடை, வார்னிஷ், கிரகப்பிரவேச ஹோமப் புகை எல்லாவற்றையும் காற்றுப் பம்ப் இழுத்துத் தண்ணீருக்குள் விடும். அடித்தளத்தில் கரையானுக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸ் மீனுக்குக் கொடிய விஷம். பால் காய்ச்சும் அன்றே தொட்டியையும் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையை விட்டு, ஒரு வாரம் பத்து நாள் கதவு ஜன்னல் திறந்து வீடு ஆறிய பிறகு கொண்டுவருவது நல்லது. அதுவரை பழைய வீட்டில் மின்சாரத்தைத் துண்டிக்காமல் இருக்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் மணல், அதன்மேல் கல், பிறகு தண்ணீர். தண்ணீரை ஒரு தட்டின்மேல் விழும்படி ஊற்றினால் மணல் கலங்காது. மோட்டார் ஓடி, வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் நின்று, கலங்கல் தெளிந்த பிறகு கடைசியாக மீன்.

நீண்ட தூரம் பையில் வந்த மீனுக்கு ஒரு நுட்பம் உண்டு. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீரின் பிஎச் இறங்கியிருக்கும். அதனால் அங்கே சேர்ந்த அம்மோனியா அவ்வளவாக விஷமாக இருக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும். அந்த நிமிடமே அம்மோனியா விஷமாகும். பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் புதுத் தண்ணீர் சேர்ப்பது மீனை அந்த விஷத்தில் ஊறவைப்பதற்குச் சமம். கட்டிய பையையே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, உப்பு அளவு ஒன்றாக இருக்கிறதா பார்த்து, மீனை மட்டும் எடுத்து விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. வளர்த்த விராலையோ கெண்டையையோ தொலைவிலிருந்து பையில் கொண்டுவந்து பண்ணைக்குட்டையில் விடுகிறவர்களும் இதைக் கவனிக்கலாம்.

அன்று இரவு விளக்கு வேண்டாம். இரை மறுநாள், அதுவும் பாதி. பத்து நாளுக்குத் தினமும் காலையில் அம்மோனியா சோதனை. சுழியம் காட்டினால் கல்லிலுள்ள கிருமி பிழைத்து வந்துவிட்டது. நிறம் மாறினால் அன்றே கால் பங்கு தண்ணீரை மாற்றி, இரையை நிறுத்த வேண்டும். இந்தப் பத்து நாளில் புது மீன் எதுவும் வாங்கக் கூடாது. விருந்தாளிகள் வந்து பார்க்கிறார்களே என்று தொட்டியை நிரப்புகிற வீடுகளில்தான் சாவு அதிகம்.

பழைய வீட்டில் மிஞ்சிய 100 லிட்டர் தண்ணீரில் மூன்றரைக் கிலோ உப்பு இருக்கிறது. மண்ணின் மின்கடத்துத்திறன் 4 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே அது உவர் நிலம். கடல்நீரில் அந்த அளவு 50ஐ ஒட்டி இருக்கும். கிணற்றடியிலோ முருங்கை வேரிலோ வாய்க்காலிலோ அதைக் கொட்டாதீர்கள். களத்துமேட்டில் தார்ப்பாயை நான்கு பக்கமும் தூக்கிக் கட்டி அதில் ஊற்றிவிட்டால், நல்ல வெயிலில் சில நாளில் வற்றிவிடும். அடியில் படிந்த உப்பைச் சுரண்டிக் குப்பையில் போடலாம். மாட்டுக்கு வைக்க வேண்டாம்.